கழுத்தில் கயிறு போடாமல் புத்தரை நிமிர்த்தியது

1. கேட்டில் வந்து நின்ற அம்மாள்

திருச்சி கைலாசபுரத்தில் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த அறுபதுகளில் நான் அங்கே ரிக்கிங் சார்ஜ்மேன். ரிக்கிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன். மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைக்கிற கனத்தை, இருக்கிற இடத்திலிருந்து இருக்கவேண்டிய இடத்துக்குச் சேதாரமில்லாமல் கொண்டுபோய் வைப்பது. இப்போது பட்டனை அமுக்கினால் கிரேன் தூக்கிவிடுகிறது. அன்று எங்களுக்குக் கனம் தொங்கவிடுகிற முக்காலி, சங்கிலி இழுத்துத் தூக்குகிற செயின் பிளாக், ஜாக்கி, தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டை, அப்புறம் தொண்டை. இதில் அதிகம் தேய்ந்தது தொண்டைதான்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் கேட்டிலிருந்து ஆள் வந்தது. யாரோ ஒரு அம்மாள் என்னைப் பார்த்தே தீருவேன் என்று நிற்கிறாராம், வாட்ச்மேன் விரட்டியும் நகரவில்லையாம். எரிச்சலோடு போனேன். நாற்பது வயது மதிக்கலாம். புடவை ஓரத்திலும் காலிலும் காய்ந்த சேறு. மண் வேலை செய்கிற கை என்று பார்த்ததும் தெரிந்தது.

“ஆனை கனம் இரும்பத் தூக்கறவர்னு சொன்னாங்களே, அது நீங்கதாங்களா?”

“ஆமா, என்ன வேணும்?”

“ஒரு சாமியத் தூக்கித் தரணும் அண்ணே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாமி தூக்கறதுக்கு எங்க ஸ்ரீரங்கத்துல ஆள் இருக்கும்மா. நான் இரும்பு தூக்கறவன்.”

“அது நிக்கற சாமிங்க. இது விழுந்து கெடக்கற சாமி. முகம் மண்ணுக்குள்ள இருக்கு.”

அவர் பெயர் மீனாட்சி. ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். பர்மாவிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து இறங்கியிருந்தார். திருச்சிக்கு வெளியே பர்மாக்காரர்களுக்குக் கொடுத்த குடியிருப்பில் ஒரு வீடு. ஜீயபுரம் பக்கத்தில் பாசன வாய்க்காலை அகலப்படுத்துகிற வேலையில் மண் வெட்டிச் சுமந்தார். அந்தக் குடியிருப்பில் இருந்த அந்தோணி என்னிடம் ஹெல்பராக இருந்தான். என் பெருமையை அளந்து விட்டவன் அவன்தான்.

வாய்க்கால் கரையில் நெஞ்சுவரை புதைந்த ஒரு பெரிய கற்சிலை காலங்காலமாக இருந்திருக்கிறது. ஊரார் அதற்கு வைத்த பெயர் சடைமுனி. கரையை வெட்டியபோது பிடிமானம் போய்ச் சிலை வாய்க்காலுக்குள் தலைகுப்புறச் சாய்ந்துவிட்டது.

“அது முனி இல்லண்ணே, புத்தரு. பின்னந்தலையில சுருட்டை சுருட்டையா முடி, உச்சியில சுடர் மாதிரி ஒரு முடிச்சு, தோளத் தொடற காது. ரங்கூன்ல தெனம் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா?”

“சரி, புத்தர்தான். உங்களுக்கென்ன அதுல?”

காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டி உதிர்த்தார். பிறகு சொன்னார். “பர்மாவுல பொறந்த கெழமைக்கு ஒரு மூலை உண்டுங்க. எனக்குச் செவ்வாய். பெரிய பகோடாவுல அந்த மூலைல இருக்கற புத்தருக்குத் தண்ணி ஊத்திக் கும்புடுவோம். நாங்க முருகனக் கும்புடறவங்கதான், ஆனா அங்கயும் போவோம். கெளம்பற அன்னிக்குப் போனேன். எம் வீட்டுக்காரர் தவறிட்டார், இந்தப் புள்ளைங்களோட உசுரோட கரை சேந்தா திரும்ப வந்து உன் மொகத்தப் பாத்துத் தண்ணி ஊத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். கரை சேந்துட்டேன். திரும்பிப் போக விடுவாங்களா? இனிமே எந்த ஊர்ல போயி அவரத் தேடுவேன்னு இருந்தேன். எம் மம்பட்டி அவர் முதுகுலதாண்ணே பட்டுச்சு.”

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

2. ஆளுக்கொரு நிபந்தனை

அடுத்த வாரம் அந்தோணியோடு போய்ப் பார்த்தேன். இருபுறமும் வாழைத் தோட்டம், நடுவே வறண்ட வாய்க்கால். சிலையின் பீடம் கரை மேல், தலை வாய்க்காலுக்குள். உட்கார்ந்த நிலையில் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஒரே கருங்கல். முழங்கால்கள் இரண்டும் அகலமாக விரிந்திருந்தன. சுமை பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூன்று நான்கு டன்னுக்குக் குறையாது என்று பட்டது.

வாய்க்கால் வேலையின் காண்ட்ராக்டர் குடைக்குக் கீழே நின்றபடி சொன்னார். “மேட்டூர் தொறந்துட்டா தண்ணி எனக்காக நிக்குமா சார்? அதுக்குள்ள நான் வாய்க்காலக் கிளியர் பண்ணணும். தண்ணிக்கு முன்னாடி நீங்க எடுத்துட்டா அது உங்க சாமி. எடுக்கலேன்னா என் கல்லு. வெடி வச்சா மதகுக்கு நல்ல தூணு வரும்.” கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

ஊர் நாட்டாமை முத்துக்கருப்பன் வேறு கட்சி. சடைமுனியை உடைக்க அவர் விடமாட்டார், ஆனால் கண்டபடி தூக்கவும் விடமாட்டார். அந்த ஊரில் பசு கன்று போட்டால் முதல் சீம்பால் முனியின் தலையில்தான் ஊற்றவேண்டும். ஊற்றாவிட்டால் மடி வற்றிவிடும் என்பது நம்பிக்கை. அவ்வளவு சீம்பால் குடித்த தலை எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளவென்று இருந்தது.

“தூக்குங்க, வேண்டாங்கல. ஆனா கழுத்துல கயிறு போடக் கூடாதுங்க. கழுத்துல கயிறு போட்டு இழுத்தா அது மாடு. எங்க சாமி மாடு இல்ல” என்றார்.

“செருப்பு, பூட்ஸ் எதுவும் கூடாதுங்க” என்றார் பக்கத்தில் நின்றவர்.

மீனாட்சியம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். “அவர் மேல கால் படக் கூடாதுண்ணே. அவர் தலைக்கு மேல யாரும் நிக்கவும் கூடாது. அங்க கொழந்தைகூட அவருக்கு நேரா கால நீட்டாது.”

எனக்கு எரிந்துகொண்டு வந்தது. எங்கள் தொழிலே லோடின் மேல் ஏறி நிற்கிற தொழில். சுமையின் முதுகில் நின்றுதான் அதைக் கட்டித் தூக்கும் ஸ்லிங் கயிற்றைச் சரிபார்ப்போம், காலால் உதைத்துத்தான் கட்டையை உள்ளே தள்ளுவோம். இப்படிச் சாய்ந்த சுமையை நிமிர்த்த யாராக இருந்தாலும் முதலில் கழுத்துக்குத்தான் ஸ்லிங் போடுவார்கள். கழுத்தைத்தான் தொடக்கூடாதாம்!

“ஏம்மா, தொடாம தூக்கறதுக்கு நான் என்ன மந்திரவாதியா?” என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மாள் அசையவில்லை. “கத்துங்க அண்ணே. ஆனா தூக்கிருங்க.”

கத்திவிட்டுப் போய்க் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு மெல்லிய விரிசல் நகத்தில் தட்டுப்பட்டது. கழுத்தில் ஸ்லிங் போட்டு இழுத்திருந்தால் தலை தனியாக வந்திருக்கும். அக்குளில் போடலாமென்றால் கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓட்டையே இல்லை, எல்லாம் ஒட்டிய கல். ஆக நாட்டாமை சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும். இதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை, ஏற்கெனவே தலைக்கனம் அதிகம்.

3. ஸ்ரீரங்கத்தில் வாங்கிய திட்டு

என் அப்பா ஸ்ரீபாதம்தாங்கி. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரிய கோயிலில் பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது தோளில் சுமக்கிற கைங்கர்யம் அது. அப்பாவின் தோளில் காய்த்துப்போன தழும்பு ஒன்று உண்டு. அந்தத் தோளுக்கு வரவேண்டியவன் நான். இரும்பு தூக்கப் போய்விட்டேன் என்று அவருக்குத் தீராத குறை.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

“யாரைத் தூக்கப்போறே?”

“புத்தர் விக்கிரகம் பா. ஜீயபுரத்தாண்ட குப்புற விழுந்து கெடக்கு.”

“பெருமாளை ஏளப்பண்ற வம்சத்துல பொறந்துட்டு, அதுக்குத் தோள் குடுக்க மாட்டேன்னுட்டு, இப்போ பௌத்தாளைத் தூக்கப் போறியா? ஏண்டா, இந்த ஊர் மதில் எதுல எழும்பித்துன்னு தெரியுமோன்னோ நோக்கு?”

தெரியும். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். பெரிய கோயில் மதிலும் மண்டபமும் கட்ட, முன்னொரு காலத்தில் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கொண்டுவந்து உருக்கினார்கள் என்று சொல்வார்கள். சின்ன வயசில் அதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். வாய்க்காலில் குப்புறக் கிடந்த முதுகைப் பார்த்துவிட்டு வந்தபிறகு கைதட்டத் தோன்றவில்லை. ஒரு புத்தரை உருக்கின ஊர்க்காரன் இன்னொரு புத்தரை நிமிர்த்தினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அப்பா எழுந்து கையலம்பப் போய்விட்டார். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

நானும் விடுவதாக இல்லை. அவருடைய பிடிவாதம்தானே எனக்கும் வந்திருக்கிறது.

அந்த வாரம் வீதியில் புறப்பாடு. கூட்டத்தில் நின்று சேவித்துக்கொண்டிருந்தேன். என் கண் வழக்கம்போலக் கட்டுமானத்துக்குப் போய்விட்டது. தொழில் புத்தி அது, கோயிலில்கூட அடங்காது. பெருமாளின் திருமேனியை யாரும் பிடித்துத் தூக்குவதில்லை. அவர் எழுந்தருளியிருக்கிற பலகையைத்தான் தூக்குகிறார்கள். கனம் முழுக்க அடியில் இறங்கி, தண்டு வழியாகத் தோளுக்கு வருகிறது. சாமி அசங்காமல் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கீழே தரைதான் ஏறி இறங்கி நடக்கிறது.

அங்கேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. புத்தரை மேலிருந்து இழுக்கவே வேண்டாம். அவர் மார்புக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, கொஞ்சம் ஏற்றி, கட்டை அடுக்கி, மறுபடி ஏற்றி, தரையையே உயர்த்திக்கொண்டு போனால் அவர் தானாக நிமிர்வார். கடைசிச் சாய்வுக்கு மட்டும் இடுப்பில் ஒரு பெல்ட் ஸ்லிங் போட்டுக் கரைக்குப் பின்னால் நிற்கிற பனைமரத்திலிருந்து செயின் பிளாக்கால் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம்.

நாட்டாமையிடம் இடுப்புக் கயிற்றுக்கு அனுமதி கேட்டு ஆளனுப்பினேன். “இடுப்புல கயிறுன்னா அரைஞாண் மாதிரிங்க, தாராளமாப் போடுங்க” என்று பதில் வந்தது.

எங்கள் இன்ஜினியரிடம் சாமான் கேட்டேன். நல்லவர், பயந்தவர். “சன்டே எடுத்துட்டுப் போங்க. மன்டே காலைல ஸ்டோர்ல இருக்கணும். நடுவுல என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்” என்றார்.

4. தண்ணீரும் பரம்பும்

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை அது. காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம். அந்தோணியும் இன்னும் மூன்று ஆட்களும் பூட்ஸைக் கழற்றி வாழையடியில் வைத்தார்கள். இதைப் படிக்கிற இளைஞர்களே, இந்த ஒரு விஷயத்தில் எங்களைப் பின்பற்றாதீர்கள். பூட்ஸ் இல்லாமல் லோடு பக்கம் வருகிறவனை என் செக்‌ஷனில் நான் வேறு எந்த நாளிலும் விட்டதில்லை.

ஊர்ப் பெண்கள் சாக்கில் வைக்கோல் திணித்துக் கொடுத்தார்கள். கல்லுக்கும் ஜாக்கித் தலைக்கும் நடுவில் அதுதான் மெத்தை. முகத்துக்கு நேர்கீழே மண்ணைத் தோண்டிப் பள்ளமாக்கினோம், மூக்கில் எதுவும் படக்கூடாது என்று. மீனாட்சியம்மா அந்தப் பள்ளத்தில் கையை விட்டு முகத்து மண்ணை வழிக்கப் பார்த்தார்.

“கைய எடுங்க! லோடுக்கு அடியில யாரா இருந்தாலும் கை வைக்கக் கூடாது. நீங்கள்லாம் சொன்ன அத்தனையும் நான் கேட்டேன் இல்ல? நான் சொல்ற ஒண்ண நீங்க கேளுங்க.”

கையை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு பள்ளத்தின் பக்கமே வரவில்லை. கரையோரம் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தன் இரண்டு பெண்களோடு நின்றார்.

ஜாக்கி ஒரு பிடி ஏறும். கட்டை ஒன்று உள்ளே போகும். மறுபடி ஒரு பிடி. உதைத்துத் தள்ளிப் பழகிய கட்டையைக் குனிந்து கையால் தள்ளவேண்டியிருந்தது. அந்தோணி முணுமுணுத்துக்கொண்டே செய்தான். மத்தியானத்துக்குள் சிலை பாதிக்கு நிமிர்ந்துவிட்டது. நாட்டாமை கரையில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மேலண்டைப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வந்தான். “தண்ணி வந்துருச்சு! தலைமதகத் தாண்டிருச்சு!”

காண்ட்ராக்டர் எழுந்துவிட்டார். “சார், நான் சொல்லிட்டேன். தண்ணி வந்துட்டா அது என் கல்லு, தண்ணி ஏறறதுக்குள்ள நான் வெடி வச்சாகணும். எடுங்க கட்டைய, விழுந்தா விழட்டும்.”

“கட்டைய எடுத்தா தல போயிரும்யா. கொஞ்சம் பேசாம இருங்க” என்றேன்.

முதலில் மெல்லிய சேற்றுத் தண்ணீர், பிறகு கணுக்கால் அளவு. வாய்க்கால் தரை ஊறிப்போயிற்று. ஜாக்கியைச் சுற்றினால் சிலை ஏறுவதற்குப் பதிலாக ஜாக்கி கீழே இறங்கியது. அதற்கடியில் கொடுத்திருந்த ஸ்லீப்பர் கட்டையும் சேற்றில் அமுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். கழுத்தைப் பார்த்தேன். கழுத்து இல்லை, கட்டைதான் பிளந்திருந்தது.

“சேத்துல அமுங்காத அகலப் பலகை ஏதாவது இருக்கா? வேகமா!” என்று கத்தினேன்.

நாட்டாமை ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். “பரம்பு இருக்குங்களே!”

பரம்பு என்றால் உழுத சேற்று வயலைச் சமப்படுத்த மாடு கட்டி இழுக்கிற நீளப் பலகை. சேற்றின் மேல் போவதற்கென்றே செய்தது. ஊரில் இருந்த பரம்பையெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன் மேல் ஜாக்கியை வைத்தேன். சுற்றினோம். பலகை முனகியது, ஆனால் இறங்கவில்லை. சிலை ஏறியது.

தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது கடைசிச் சாய்வு. அந்தோணி பனைமரத்தடியில் செயின் பிளாக்கில். பின்பக்கம் மல்லாந்துவிடாமல் இருக்க இடுப்பிலிருந்தே ஒரு தாம்புக்கயிறு, அதை வாய்க்காலுக்குள் நின்று ஊரே பிடித்துக்கொண்டது. நான் கையை உயர்த்தி, “மெதுவா… மெதுவா… வாங்கு… நிறுத்து… வாங்கு…” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். குரல் கம்மிக் கரகரத்தது, பாதி கைச்சாடைதான். பீடம் மண்ணில் படிந்து உட்கார்ந்த அதிர்வு என் வெறுங்காலுக்குத் தெரிந்தது.

மீனாட்சியம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குறுக்கே கையை நீட்டி நிறுத்தினேன். “இன்னும் கட்டை கொடுக்கல. கரைலேர்ந்து பின்னாடி தள்ளணும். பொறுங்க.” உருளைக் குழாய்களைப் பீடத்தடியில் கொடுத்து, நானும் தாம்புக்கயிற்றைத் தோளில் வாங்கிக் கரையின் உள்பக்கமாக நகர்த்தி, நாலு புறமும் கல் கொடுத்து இறுக்கிய பிறகுதான் கையை இறக்கினேன்.

5. மடியில் இருந்த கை

மீனாட்சியம்மா குடத்துத் தண்ணீரைச் சிலையின் முகத்தில் ஊற்றினார். களிமண் கரைந்து வழிந்தது. மூக்கு நுனி எப்போதோ உடைந்திருந்தது, புதுக் காயமில்லை. பாதி மூடிய கண். உதட்டோரத்தில் சிரிப்பு என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று. அந்த அம்மாள் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். தோள் குலுங்கியது. பெரிய பெண் பயந்துபோய் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வியர்வையைத் துடைக்கிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஊர் ஜனங்களுக்கு வேறு அதிர்ச்சி. நெஞ்சுக்குக் கீழே அவர்கள் அவரைப் பார்த்ததே இல்லை. நாட்டாமை சிலையின் மடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை இடது கையின் மேல் மல்லாந்து, சும்மா மடியில் கிடந்தது.

“ஏம்மா, முனின்னா கையில அருவா இருக்கணுமே? இவரு வெறுங்கையா உக்காந்திருக்காரு?”

மீனாட்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “இவரு கையில ஒண்ணும் வச்சுக்க மாட்டாருங்க. ராஜா வீட்டுப் புள்ள, நாடு, வீடு, கத்தி எல்லாத்தையும் கீழ போட்டுட்டு வந்து உக்காந்தவரு. பயமுறுத்தவும் மாட்டாரு, வரம் குடுக்கவும் மாட்டாரு. அவரப் பாத்தா நம்ம மனசு அடங்கணும், அவ்வளவுதான். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவளுக்கு இந்தக் கையப் பாத்தா போதுங்க.”

நாட்டாமை தாடையைத் தடவினார். அவ்வளவு நாள் பயந்து பயந்து பால் ஊற்றியவர்கள், அருவா இல்லாத சாமியை என்ன செய்வது என்று நாட்டாமையின் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கே கவலையாகிவிட்டது. முனி இல்லை என்று தெரிந்ததும் கல்லைக் காண்ட்ராக்டருக்கே கொடுத்துவிட்டால்?

“யாரா வேணா இருக்கட்டும். எங்க மாட்டுச் சீம்பால் குடிச்சு வளந்தவரு. எங்க ஊர்க்காரருதான்” என்றார் நாட்டாமை. பிறகு காண்ட்ராக்டர் பக்கம் திரும்பி, “தூணுக்கு வேற கல்லு பாத்துக்கங்க” என்றார்.

காண்ட்ராக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் சேறு. வாசலில் அப்பா நின்றிருந்தார். நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

“எப்படித் தூக்கினே?” என்றார். அத்தனை நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

“அடிலேர்ந்து பா. பலகை மேல வச்சு.”

“கழுத்துல கயிறு கிறு போடலையே?”

“போடலை.”

“மேல யாரும் கால் வைக்கலையே?”

“இல்லை.”

என் தோளை ஒரு தடவை பார்த்தார். தாம்புக்கயிறு உராய்ந்து சிவந்திருந்தது.

“அப்போ சரி. தீர்த்தமாடிட்டு வா, சாத்தமுது ஆறிடறது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரிக்கிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒரே பாடம்தான். பிடிக்க வசதியான இடத்தில் எந்தச் சுமையையும் பிடிக்காதே. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தூக்கு. இரும்போ, கல்லோ, எந்தச் சாமியோ, எல்லாவற்றுக்கும் இதுதான்.